எடுக்குறதும் மாத்துறதும் ஒரே கோப்புலயா? – பவர் பிஐ, ஏலக்காய் கணக்கு, மூணு விதமான சராசரி

குமுளி_கணக்கு | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். குமுளியில ஒரு ஏலக்காய் வியாபாரக் கம்பெனியில கணக்கும் ரிப்போர்ட்டும் பாக்குறேன். படிச்சது பி.காம். பவர் பிஐ (டேட்டாவ இழுத்து சார்ட், ரிப்போர்ட் போடுற மென்பொருள்) யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டது. கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கங்க.

எங்களுக்கு டேட்டா நாலு வழியில வருது. புத்தடி, போடி ஏல முடிவு, அதாவது ஸ்பைசஸ் போர்டு தளத்துல வர்ற பட்டியல்: தேதி, ஏலம் நடத்துனவங்க, லாட் (ஒண்ணா ஏலத்துக்கு வெக்கிற காய்க் குவியல்) எண்ணிக்கை, வந்த கிலோ, வித்த கிலோ, உச்ச விலை, சராசரி விலை. அப்புறம் டேலி, எங்க கணக்கு மென்பொருள். அப்புறம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைங்க அனுப்புற பச்சைக்காய் எடை எக்செல். ஆறு தோட்டம், ஆறு விதமான எக்செல். கடைசியா குடோன்ல தரம் பிரிச்ச கணக்கு.

எல்லாத்தையும் ஒரே பவர் பிஐ கோப்புல இழுத்து, அங்கயே சுத்தம் பண்ணி, அங்கயே சார்ட் போட்டேன். மொத வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப ரெஃப்ரெஷ் அமுக்குனா ஐம்பது நிமிஷம். செக்போஸ்ட் வரைக்கும் நடந்து போயி டீ குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.

அத விடப் பெரிய தலைவலி, முதலாளி மகன் அந்தக் கோப்ப காப்பி எடுத்து அவருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாரு. கொள்முதல் பாக்குற அண்ணன்கிட்ட இன்னொரு காப்பி. போன வாரம் மீட்டிங்ல முதலாளி "போன மாசம் ஏலத்துல சராசரி என்னப்பா"ன்னு கேட்டாரு. மூணு பேரும் மூணு நம்பர் சொன்னோம். அவரு ஒண்ணும் பேசல. கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சாரு. அதுக்கப்புறம் அங்க யாரும் பேசல.

ஆளாளுக்கு ரிப்போர்ட் போட்டுக்கணும், ஆனா நம்பர் ஒண்ணா வரணும். டேட்டாவ எடுக்குறது, மாத்துறது இதையெல்லாம் எப்படிப் பிரிச்சு வெக்கிறது? நீங்கள்லாம் எப்படி வெச்சிருக்கீங்க?

---

உத்தமபாளையம்_பையன் | திங்கள், இரவு 10:05

ப்ரோ சிம்பிள். மூலக் கொயரிய (டேட்டாவ எடுக்கச் சொல்ற ஸ்டெப் வரிசை) ஒரு தடவ போட்டுட்டு, அதுல ரைட் கிளிக் பண்ணி ரெஃபரன்ஸ் எடுங்க. டூப்ளிகேட் வேணாம், ரெஃபரன்ஸ். ஒரே இடத்துல எடுத்து பல இடத்துல பயன்படுத்தலாம். ஸ்பீடும் வந்துரும்.

---

பழைய_எஸ்க்யூஎல் | திங்கள், இரவு 11:20

தம்பி, அடுக்கி வைப்பதற்கு ரெஃபரன்ஸ் நல்லது. வேகம் வராது. அதுதான் பலரும் ஏமாறும் இடம்.

பவர் பிஐக்குள் டேட்டாவை எடுத்து மாற்றும் பகுதியான பவர் கொயரியில் ஒன்றிலிருந்து மூன்று ரெஃபரன்ஸ் எடுத்து மூன்றையும் லோடு செய்தால், ஒவ்வொன்றும் தன் சங்கிலியை அடியிலிருந்து மறுபடி ஓட்டும். நடுவில் எங்கும் சேமித்து வைப்பதில்லை. அதாவது குமுளி நண்பரின் கோப்பு ஒரே எக்செலை மூன்று முறை திறக்கிறது, ஒரே வலைப்பக்கத்தை மூன்று முறை தட்டுகிறது. ஐம்பது நிமிடத்தில் பாதி அங்கேதான் போகிறது என்று நினைக்கிறேன்.

நான் இருபது வருடம் சர்வர் அறையில் உட்கார்ந்தவன். அங்கே பாலபாடம் ஒன்று: எடுப்பவன் சமைக்கக் கூடாது. சந்தைக்குப் போகிறவர் காய்கறியை அங்கேயே நறுக்கிக்கொண்டு வந்தால், இன்றைக்குச் சாம்பாரா பொரியலா என்று வீட்டில் யாரும் முடிவு செய்ய முடியாது.

முதல் அடுக்கு எடுப்பு மட்டும். மூலத்தில் என்ன இருக்கிறதோ அப்படியே. வடிகட்டல் இல்லை, இரண்டு பட்டியலை இணைத்தல் இல்லை, பெயர் திருத்தல் இல்லை. டேட்டாஃப்ளோவில் (கிளவுடில் ஓடும் பவர் கொயரி) போட்டால் அது தன் சேமிப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். இரண்டாவது அடுக்கு அந்தச் சேமிப்பிலிருந்து படித்து மாற்றும். டேலியையும் வலைத்தளத்தையும் மறுபடி தொடாது. மாற்றும் விதி வாரம் ஒன்று மாறும், மூலம் வருடத்துக்கு ஒருமுறை மாறினால் அதிகம். நாளை டேலியை விட்டு வேறு மென்பொருளுக்குப் போனால் முதல் அடுக்கில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மேலே உள்ளவை தப்பிக்கும்.

---

உத்தமபாளையம்_பையன் | திங்கள், இரவு 11:31

அய்யோ. ரெஃபரன்ஸ் மறுபடி ஓடும்னு இப்பத்தான் தெரியுது சார். என் காலேஜ் புராஜெக்ட்ல இப்படி பதினாலு வெச்சிருக்கேன்.

---

டேலி_அக்கா | செவ்வாய், காலை 7:15

"அப்படியே எடு, எதையும் தொடாதே"ன்னு சார் சொன்னதுக்கு என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். நான் கம்பத்துல நாலஞ்சு வியாபாரிங்களுக்குக் கணக்குப் பாக்குறேன்.

ஒருத்தங்களுக்கு ஏல விலை ரிப்போர்ட் செஞ்சு குடுத்தேன். ஆரம்பத்துல டைப் பண்ணும்போது சைபர் ஒண்ணு கூடிப் போயி 1,400க்குப் பதிலா 14,000னு வந்துரும். கடுப்பாகி, எடுக்குற இடத்துலயே "கிலோ 5,000க்கு மேல இருந்தா தூக்கு"ன்னு ஒரு ஃபில்டர் போட்டுட்டேன். அப்ப விலை ஆயிரத்துச் சொச்சம்தான். யாரு அய்யாயிரத்துக்கு வாங்கப் போறான்னு நெனப்பு.

2019 வந்துச்சு. 2018 வெள்ளத்துல அடிபட்ட தோட்டம், அடுத்த வருஷம் மழையும் தள்ளிப் போச்சு. ஆகஸ்ட் தொடக்கத்துல உச்ச விலை 7,000 தொட்டுச்சு. ஊரே அதப் பத்தித்தான் பேசுது. என் ரிப்போர்ட்ல மட்டும் விலை ஏறிக்கிட்டே வந்து திடீர்னு சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. வியாபாரி கேக்குறாரு, "ஏம்மா, நான் நேத்து வித்த லாட்ட காணோமே?"

ஃபில்டர எடுத்துட்டு மறுபடி இழுக்கலாம்னா, எக்செல் அனுப்புனவரு பழசையெல்லாம் அழிச்சிட்டாரு. ஒவ்வொரு பில்லா எடுத்துத் திரும்ப ஏத்துனேன். அன்னைக்கு எடுத்து வெச்சத அப்படியே வெச்சிருந்தா, மாத்துற இடத்துல ஒரு வரிய அழிச்சா முடிஞ்சிருக்கும்.

இப்ப நான் தூக்குறதே இல்ல. "சந்தேகம்"னு பக்கத்துல ஒரு காலம் (நெடுவரிசை) சேத்து விட்டுர்றேன். ஆளு பாத்து முடிவு பண்ணட்டும்.

---

குமுளி_கணக்கு | செவ்வாய், காலை 8:02

அக்கா, படிச்சவுடனே என் கோப்பத் தொறந்து பாத்தேன். நானும் "வித்த கிலோ பூஜ்யமா இருந்தா நீக்கு"ன்னு மொத ஸ்டெப்லயே போட்டிருக்கேன். 2020 ஊரடங்குல ஏலம் நின்ன வாரமும், ஏலம் நடந்து நான் விட்டுப்போன நாளும் ரெண்டும் ஒரே வெத்தாத்தான் தெரியுது. எது எதுன்னு இப்ப எனக்கே சொல்லத் தெரியல.

---

கஞ்சிக்கோடு_ஷிஃப்ட் | செவ்வாய், மதியம் 1:45

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டுல ஒரு ஃபேக்டரியில புரொடக்ஷன் ரிப்போர்ட் பாக்குறேன். எங்க மூலம் பூரா எஸ்க்யூஎல் சர்வர், அதாவது டேட்டாபேஸ். ஒரு கன்சல்டன்ட் வந்து எடுப்புக்கு ஒரு வொர்க்ஸ்பேஸ் (பவர் பிஐ கிளவுட்ல தனி அறை மாதிரி), மாத்தத்துக்கு ஒண்ணு, பொதுப் பட்டியலுக்கு ஒண்ணு, மாடலுக்கு (பட்டியலையும் சூத்திரத்தையும் சேத்து வெக்கிற இடம்) ஒண்ணுன்னு அடுக்கிட்டுப் போனாரு. வீடு கட்டுற மாதிரி மாடி மேல மாடி. இப்ப ஒரு காலம் புதுசா வேணும்னா நாலு இடத்துல தொறந்து நாலு இடத்துல சேக்கணும்.

அதுலயும் ஒரு வம்பு. ஒரே வொர்க்ஸ்பேஸுக்குள்ள ஒரு டேட்டாஃப்ளோ இன்னொண்ண லிங்க் பண்ணியிருந்தா, முன்னது ரெஃப்ரெஷ் ஆனதும் பின்னதும் தானா ஓடும். வேற வொர்க்ஸ்பேஸ்ல இருந்தா அது வெளி மூலம் மாதிரி, தானா ஓடாது. எங்களுக்கு எடுப்பு ஆறு மணிக்கு, மாத்தம் ஆறரைக்குன்னு வெச்சிருந்தாங்க. ஒரு நாள் எடுப்பு முக்கா மணி நேரம் ஓடிருச்சு. மாத்தம் பழைய டேட்டாவ எடுத்துக்கிட்டு பச்சை டிக் போட்டுருச்சு. காலை மீட்டிங்ல முந்தாநேத்து நம்பர நேத்து நம்பர்னு வாசிச்சோம். எரர் வந்திருந்தாக்கூட தேவலாம்.

எங்கள மாதிரி மூலம் எஸ்க்யூஎல்லா இருந்தா, ஃபில்டரும் இணைப்பும் அந்த சர்வருக்கே போயி அங்கயே ஓடிரும். ஒரு ஸ்டெப்ல ரைட் கிளிக் பண்ணி நேட்டிவ் கொயரி, அதாவது அந்த சர்வருக்குப் போற கட்டளை, பாக்க முடிஞ்சா அது மூலத்துக்குப் போகுதுன்னு அர்த்தம். அப்படி இருக்கையில எல்லாத்தையும் மொதல்ல இழுத்துக் குவிச்சு அப்புறம் பிரிக்கிறது வெட்டி வேலை. நாலு பேர் ஆபீஸுக்கு ரெண்டு அடுக்குக்கு மேல வேணாம்ங்கறது என் கட்சி.

---

பழைய_எஸ்க்யூஎல் | செவ்வாய், மாலை 6:30

கஞ்சிக்கோடு நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒரே வொர்க்ஸ்பேஸில் இரண்டு டேட்டாஃப்ளோ போதும். அடுக்கு என்பது பொறுப்பைப் பிரிக்கத்தான். மாடி எண்ணிக்கையில் பெருமை இல்லை.

ஆனால் அவர் மூலமும் குமுளி நண்பரின் மூலமும் ஒன்றல்ல. எக்செலுக்கும் சிஎஸ்விக்கும் பின்னால் வேலை செய்து கொடுக்க எந்த சர்வரும் இல்லை. கோப்பு முழுவதையும் படித்த பிறகுதான் ஃபில்டர். அங்கே ஒருமுறை எடுத்துச் சேமித்து வைப்பதுதான் மிச்சம். மூலத்தில் பழசு அழிந்து போகும் இடங்களில் அந்தச் சேமிப்பே ஆவணம்.

லைசென்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ப்ரோ லைசென்ஸில் டேட்டாஃப்ளோ செய்யலாம், ஆனால் 'மை வொர்க்ஸ்பேஸில்' முடியாது, தனி வொர்க்ஸ்பேஸ் வேண்டும். ஒரு டேட்டாஃப்ளோவிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் செய்தாலோ, லோடு ஆகும் கொயரியை ரெஃபரன்ஸ் செய்தாலோ பிரீமியம் (ப்ரோவுக்கு மேல் உள்ள லைசென்ஸ்) கேட்கும். இரண்டாவது டேட்டாஃப்ளோவில் அந்த லிங்க் கொயரிக்கு 'எனேபிள் லோடு' என்பதை எடுத்துவிட்டு, அதன் மேல் உங்கள் மாற்றத்தை எழுதினால் ப்ரோவிலேயே நடக்கும். ஆனால் அப்போது தானாகத் தொடர்ந்து ஓடாது. இரண்டு நேரத்தையும் நீங்களே குறிக்க வேண்டும். நண்பர் சொன்ன வம்பு அங்கேயும் வரும். அதனால் இடைவெளி தாராளமாக இருக்கட்டும்.

---

டேலி_அக்கா | செவ்வாய், இரவு 8:50

டேலி பக்கம் நான் சொல்லிர்றேன்.

வேற மென்பொருள் டேட்டா கேட்டா டேலி 9000 போர்ட்ல (டேட்டா போய் வர்ற வாசல்) பதில் சொல்லும், அதுக்கு டேலி தொறந்து, அந்தக் கம்பெனியும் தொறந்து இருக்கணும். பகல்ல பில் போட்டுக்கிட்டு இருக்கும்போது நீங்க ரெண்டு வருஷ வவுச்சர (டேலியில ஏத்துற ஒவ்வொரு பில், ரசீதுப் பதிவு) இழுத்தா, பில் போடுற புள்ள உங்களத்தான் வையும். ராத்திரி கடை சாத்துன பிறகு ஒரே தடவ எடுத்து ஃபைலா வெச்சிருங்க.

அடுத்தது இன்னும் முக்கியம். "புதுசா வந்தத மட்டும் எடு"ன்னு இன்க்ரிமென்டல் போடுவாங்க, வவுச்சர் தேதிய வெச்சு. டேலியில அது பொய் சொல்லும். போன மாச பில்ல இந்த மாசம் 9-ந் தேதி திருத்துவோம். 11-ந் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (மாச விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடணும்ல, அதுக்கு முன்னாடி நாலு நாள் எல்லாக் கடையிலயும் திருத்தத் திருவிழாதான். வவுச்சர் தேதி போன மாசம், உங்க ஃபில்டர் இந்த மாசம். திருத்துனது வரவே வராது. மூணு மாசம் கழிச்சு ரிட்டர்னும் ரிப்போர்ட்டும் பொருந்தாது, அப்ப யார் மண்டையப் பிச்சுக்கிறது?

டேலியில ஒவ்வொரு பதிவுக்கும் ஆல்டர் ஐடின்னு ஒரு நம்பர் இருக்கு. தொட்டாலே அந்த நம்பர் ஏறும். அத வெச்சு எடுங்க. கஷ்டமா இருந்தா கடைசி மூணு மாசத்த எப்பவுமே முழுசா மறுபடி எடுங்க. நான் பண்றது ரெண்டாவதுதான், அழிச்ச வவுச்சரும் அதுல புடிபடும்.

---

உத்தமபாளையம்_பையன் | செவ்வாய், இரவு 9:10

அக்கா, திருத்தத் திருவிழா 😂 எங்க அப்பா கடையில தேர் இழுக்குற அளவுக்கு நடக்கும்.

---

வண்டன்மேடு_மூடுபனி | புதன், காலை 6:20

தேதியப் பத்தி யாரும் சொல்லலையே. ஒரு விஷயம் போட்டுட்டு வேலைக்குப் போறேன்.

பவர் கொயரி டேபிளத் தொறந்ததும் இது தேதி, இது எண்ணுன்னு வகை குறிக்கிற ஒரு 'சேஞ்ச்டு டைப்' ஸ்டெப்ப தானா போடும். அது உங்க கம்ப்யூட்டர் லொகேல (எந்த நாட்டு எழுத்துமுறைன்னு சொல்ற அமைப்பு) வெச்சு ஊகிக்கும். நம்ம ஆளுங்க எழுதுறது நாள், மாசம், வருஷம். அமெரிக்க அமைப்புல அத மாசம், நாள்னு படிக்கும். 05/08ன்னு ஆகஸ்ட் அஞ்சாந்தேதி ஏலம் மே எட்டாந்தேதிக்குப் போயிரும். 12க்கு மேல உள்ள நாள்ல எரர் வரும், அதனால கண்டுபிடிச்சிருவோம். 12 வரைக்கும் உள்ள நாள்தான் சத்தமில்லாம மாறும். என் சார்ட்ல காய் எடுப்பே இல்லாத மே மாசத்துல வரத்து கொட்டிக் கெடந்துச்சு. தோட்டத்துல பொறந்தவன், அதனால பாத்ததும் தெரிஞ்சுச்சு. சென்னையில உக்காந்து இருக்கவரு நம்பியிருப்பாரு.

அதனால எடுப்பு அடுக்குல எல்லா காலத்தையும் டெக்ஸ்டாவே விடுங்க. அந்தத் தானியங்கி ஸ்டெப்ப அழிச்சிருங்க. அது காலப் பேர எழுதி வெச்சுக்கும், கணக்கப்பிள்ளை 'எடை'ன்னு இருந்தத 'எடை கிலோ'ன்னு மாத்துனா மறுநாள் ரெஃப்ரெஷ் விழுந்துரும். தேதியா மாத்துறத ரெண்டாவது அடுக்குல, 'யூசிங் லொகேல்'னு குடுத்து இங்கிலீஷ் இந்தியான்னு தேர்ந்தெடுத்துப் பண்ணுங்க.

இன்னொண்ணு, கிளவுட்ல ஓடும்போது கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்மளுக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. விடியக்காலை நாலு மணிக்கு ரெஃப்ரெஷ் வெச்சு "இன்னைக்குத் தேதி"ன்னு கேட்டா நேத்தத் தேதியச் சொல்லும். அஞ்சரைக்கு முன்னால ஓட்டுறவங்க அஞ்சரை மணி நேரத்தக் கூட்டிக்கங்க.

ஜீப் வந்துருச்சு.

---

குமுளி_கணக்கு | புதன், மதியம் 2:10

மூடுபனி அண்ணே, ஃபோல்டர் மூலத்துல இன்னொரு தொல்லை. யாராவது எக்செலத் தொறந்து வெச்சிருந்தா அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால போட்டு ஒரு மறைவு ஃபைல் உண்டாகுது, அதையும் சேத்து எடுத்து எரர் அடிக்குது. எடுப்புல ஃபில்டரே கூடாதுன்னு சொல்றீங்களே, இத என்ன பண்ண?

---

பழைய_எஸ்க்யூஎல் | புதன், மாலை 5:40

அதைத் தாராளமாக நீக்கலாம். அது டேட்டா அல்ல, எக்செலின் நிழல். வரிகளைத் தீர்ப்புச் சொல்லி நீக்காதீர்கள் என்பதுதான் விதி. கூடவே, ஃபைல் பெயரையும் மாற்றிய தேதியையும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எண் தவறென்று தெரிந்தால் எந்தத் தோட்டத்து எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று அந்த வரியே காட்டிக்கொடுக்கும்.

---

கஞ்சிக்கோடு_ஷிஃப்ட் | புதன், இரவு 7:55

ஆட்கள் பேர் பத்தியும் பேசுங்க. எனக்கு அதுல போன நேரம்தான் அதிகம். எல்லைக்கு ரெண்டு பக்கமும் வியாபாரம் இருந்தா ஒரே பார்ட்டி ரெண்டு தடவ வரும். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33ல ஆரம்பிக்கும், கேரளாவுது 32ல. எண்ணே வேறங்கறதால சிஸ்டத்துக்கு அவரு ரெண்டு ஆளு. ஆனா ஜிஎஸ்டி எண்ணோட பதினஞ்சு எழுத்துல மூணாவது எழுத்துல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் பான் எண். அந்தப் பத்த வெட்டி எடுத்து அதுல சேத்தா ஆளு ஒண்ணாயிரும், மாநிலமும் தனியா நிக்கும். ஐஜிஎஸ்டியா (வெளிமாநில விற்பனை வரி), சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டியான்னு (மாநிலத்துக்குள்ள) சரிபாக்க அந்த முதல் ரெண்டு எண்ணும் வேணும்ல, அதனால எதையும் அழிக்காதீங்க.

பேர வெச்சு சேக்கப் போனா செத்தோம். ஒரே ஆளோட பேர மலையாளத்துக்காரர் ஒரு மாதிரி எழுதுவாரு, நம்ம ஆளு ஒரு மாதிரி எழுதுவாரு.

---

டேலி_அக்கா | புதன், இரவு 8:20

பேரப் பத்திப் பேசுனதும் ஞாபகம் வருது. மேப் போட்டு ஊர் வாரியா விற்பனை காட்டுனேன். எங்க கம்பம் ஆந்திராவுல போயி நிக்குது! அங்கயும் ஒரு கம்பம் இருக்கு, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. வியாபாரி பாத்துட்டு "நமக்கு ஆந்திராவுல எப்பம்மா கடை தொறந்தோம்"னாரு. இப்ப பின்கோடையும் மாநிலத்தையும் சேத்துத்தான் குடுக்குறேன். 625516னா எங்க ஊரு, சந்தேகமே இல்ல.

---

குமுளி_கணக்கு | வியாழன், இரவு 10:30

மூணு சராசரி ஏன் வந்துச்சுன்னு இன்னைக்கு உக்காந்து பாத்தேன். மூணு கோப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு.

நான் தினசரி சராசரியையெல்லாம் கூட்டி நாள் எண்ணிக்கையால வகுத்திருக்கேன். கொள்முதல் அண்ணன் கிலோவ வெச்சு எடை போட்டிருக்காரு, ஆனா வந்த கிலோ. முதலாளி மகன் வித்த கிலோ. சும்மா ஒரு கணக்கு: ஒரு ஏலத்துல 10,000 கிலோ, சராசரி 2,400. இன்னொண்ணுல 40,000 கிலோ, சராசரி 2,600. என் முறையில 2,500. எடை போட்டா 2,560. கிலோவுக்கு அறுபது ரூபா வித்தியாசத்துல எங்க முதலாளி அந்த லாட்டே வேணாம்னு எந்திரிச்சு வந்துருவாரு.

வந்த காய்ல விக்காம திரும்புனதும் இருக்கே, அதுக்கு விலை ஏது? முதலாளி மகன் போட்டதுதான் சரி. வயசுல சின்னவரு, மீட்டிங்ல எதுத்துப் பேசுனேன். நாளைக்குப் போயி சொல்லணும்.

---

பழைய_எஸ்க்யூஎல் | வியாழன், இரவு 11:05

சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தக் கணக்கை பொது மாடலில் ஒரே ஒரு மெஷராக (எல்லா ரிப்போர்ட்டும் பயன்படுத்தும் சூத்திரம்) எழுதுங்கள். மூவரும் அந்த மாடலோடு இணைந்து தங்கள் சார்ட்டை எப்படி வேண்டுமானாலும் போடட்டும். சார்ட்டில் சுதந்திரம், சூத்திரத்தில் இல்லை. காப்பி எடுக்க யாருக்கும் அவசியமே வரக் கூடாது.

நாட்காட்டிப் பட்டியலையும் பொதுவாக ஒன்றே வையுங்கள். ஏலக்காய்க்கு சீசன் ஆகஸ்டிலிருந்து ஜூலை, கணக்குக்கு ஏப்ரலிலிருந்து மார்ச். இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த மீட்டிங்கில் "போன வருடம்" என்றால் எந்த வருடம் என்று தொடங்கும்.

---

வண்டன்மேடு_மூடுபனி | வெள்ளி, காலை 6:05

கேட்வேய மறந்துறாதீங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபைல கிளவுட் எடுக்கணும்னா கேட்வேன்னு ஒரு இணைப்பு மென்பொருள் வேணும். பர்சனல் மோடு போட்டா டேட்டாஃப்ளோவுக்கு ஆகாது, ஸ்டாண்டர்டு போடுங்க. ஆடி மழையில ஒரு நாள் பூரா எங்களுக்குக் கரண்ட் இல்ல. ரெஃப்ரெஷ் தொடர்ந்து நாலு தடவ தோத்தா அது தானா ஷெட்யூல நிறுத்திரும். கரண்ட் வந்துச்சு, கம்ப்யூட்டர் ஓடுச்சு, ரிப்போர்ட் மட்டும் ஒரு வாரம் பழைய நம்பரோட நின்னுச்சு. யாருக்கும் தெரியல. இப்ப ரிப்போர்ட் மூலையில "கடைசியா எடுத்த நேரம்"னு பெருசா போட்டிருக்கேன்.

---

குமுளி_கணக்கு | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. நடந்தத எழுதுறேன்.

ஒரு வொர்க்ஸ்பேஸ், ரெண்டு டேட்டாஃப்ளோ. 'எடுப்பு'ன்னு ஒண்ணு, 'மாத்தம்'னு ஒண்ணு. தமிழ்லயே பேர் வெச்சேன், தப்பில்லையே? எடுப்பு ராத்திரி பதினொண்ணுக்கு, மாத்தம் காலை ஆறுக்கு. இடைவெளி தாராளம், கஞ்சிக்கோடு அண்ணன் பயமுறுத்துனதால. மேல ஒரு மாடல், அதுல வித்த கிலோவால எடை போட்ட சராசரி. இப்ப காலையில ரெஃப்ரெஷ் பதினோரு நிமிஷம். முதலாளி மகன்கிட்ட போயி சொன்னேன், சிரிச்சிட்டு டீ வாங்கிக் குடுத்தாரு.

மாத்தத்துல ஒரு சோதனை சேத்தேன். அஞ்சு கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ காய்ஞ்சது வரணும்ல, நாலுக்குக் கீழயோ ஆறுக்கு மேலயோ போனா அக்கா சொன்ன மாதிரி "சந்தேகம்". மொத வாரமே ஒரு தோட்டம் சிவப்பா நின்னுச்சு. மூணு கிலோவுக்கு ஒரு கிலோவாம். திருட்டோ என்னவோன்னு கொள்முதல் அண்ணன் கெளம்பிட்டாரு. கடைசியில பாத்தா கணக்கப்பிள்ளை ஞாயித்துக்கிழமை எடைய எழுதவே இல்ல, ஸ்டோர்ல காய்ஞ்சது மட்டும் கணக்குல ஏறியிருக்கு. எடுப்புல ஃபைல் பேரு இருந்ததால பத்து நிமிஷத்துல புடிச்சோம்.

தீராதது ஒண்ணு இருக்கு. தரம். குடோன்ல '8 மிமீ' போடுறாங்க, ஒரு தோட்டத்துல 'போல்டு', இன்னொண்ணுல 'பெருசு'. மூணையும் ஒண்ணாக்கி ஒரு பட்டியல் போட்டேன். ஆனா அத யாரு பாத்துக்கிறதுன்னு முடிவாகல. நான்னா எனக்குக் காய் தெரியாது. கொள்முதல் அண்ணன்னா அவருக்கு எக்செல் ஆகாது.

---

டேலி_அக்கா | ஞாயிறு, இரவு 8:40

தம்பி, அந்த 'பெருசு' உண்மையிலயே 8 மிமீதானா? பேர மட்டும் பாத்து ஒண்ணாக்கிட்டியா, இல்ல சல்லடையப் பாத்தியா?

---

குமுளி_கணக்கு | ஞாயிறு, இரவு 8:52

பேரத்தான் பாத்தேன்கா.

நாளைக்குக் காலையில கொள்முதல் அண்ணன் ஜீப்ல மேல போறாரு. நானும் ஏறிக்கிறேன். சல்லடையில என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்துட்டு வந்து எழுதுறேன்.